இடது கை எழுத்து

மூன்று மணிக்கு மணியடித்தேன். இப்போது மூன்று ஏழு. இன்னும் ஐம்பத்து மூன்று நிமிஷம் யாரும் யாரோடும் பேசக்கூடாது, நானும்தான், அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான் ஆண்டவரே, பதினொரு வருஷமாக ஒவ்வொரு வாலிபர் முகாமிலும் சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளின் வாயைக் கட்டி, இந்தத் தேரிக்குள்ளே ஆளுக்கொரு கொல்லாமரத்து முந்திரி நிழலில் தனியாக உட்காரவைத்து, 'சும்மா இருங்க, அவர் பேசுவார்' என்று சொல்லிவிட்டு நான் இந்த வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொள்வேன், சில வருஷம் கண் அசந்துகூடப் போயிருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. தேரி என்றால் என்ன, கண்ணுக்கெட்டின மட்டும் சிவப்பு மணல், காற்றடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், காலடித் தடம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அதையே பிரசங்கமாக்கி, பாத்தியளா பிள்ளைகளா, உங்க பழைய தடத்தை எல்லாம் அவர் இப்படித்தான் அழிச்சிருவார் என்று போன வருஷம் சொன்னேன். இன்றைக்கு அந்தத் தடம் அழியவேண்டாம் என்று இருக்கிறது. யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று இந்த மணல் ஒரு வார்த்தை சொல்லாது. மடியில் வேதப்புத்தகம், அதற்குள்ளே அந்தச் சீட்டு, பாதித் தபால் கார்டு அளவுகூட இல்லை, ஆனாலும் தொடையில் ஒரு செங்கல்லை வைத்த மாதிரி கனக்கிறது. 'ஆண்டவரே எனக்கு இனி இருக்க இஷ்டமில்லை. இவங்களோட கடைசியா ஒரு தடவை பாடிட்டேன். அது போதும்.' மூன்றே வரி. முதல் வரி மேலே ஏறுகிறது, இரண்டாவது வரி கீழே சரிகிறது, 'போதும்' என்கிற வார்த்தைக்கு இடம் பற்றாமல் விளிம்பிலே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. யார் எழுத்து? யார் எழுத்து என்று எனக்குத் தெரியக்கூடாது என்றுதானே இடது கை.

அதுவும் என் யோசனைதான். சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பென்சில், மனதை அழுத்துகிறது எதுவோ அதை எழுதி மடித்து, மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவுக்குள் போடவேண்டும், பேர் போடக்கூடாது, பொழுது சாயும்போது எல்லாரும் சுற்றி நிற்க டப்பாவை நெருப்பில் கவிழ்ப்போம், யாரும் படிக்கமாட்டோம். நாலாம் வருஷம் ஒரு சீட்டு காற்றில் பறந்து வெளியே விழ, ஒருத்தன் எடுத்துப் பார்த்துவிட்டு, 'ஏ, இது ஷைனி எழுத்துல்லா' என்று சிரித்துவிட்டான், அந்தப் பிள்ளை அழுத அழுகையில் முகாம் பாதியில் கலைந்தது. அதற்கப்புறம்தான் சொன்னேன், எல்லாரும் இடது கையால் எழுதுங்க, இடது கைக்காரங்க வலது கையால எழுதுங்க என்று. காலேஜ் முடித்த பிள்ளைக்கும் அப்போது ஒன்றாம் வகுப்பு எழுத்துத்தான் வரும், இருபத்திரண்டு பேரும் ஒரே கோணல், ஒரே நடுக்கம். சபை ஐயர்கூட மெச்சினார், 'பத்தாவது பெயிலான மூளையா இது, புஷ்பம்!' என்று. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த மூளையைக் கழற்றி வீசிவிடலாம் போல இருக்கிறது. ஒரு பிள்ளை செத்துப்போகிறேன் என்று என் கையிலே எழுதிக் கொடுத்திருக்கிறது, நான் அதன் கையை மறைத்துவைத்திருக்கிறேன்.

டப்பாவை ஏன் திறந்தேன். காற்றுதான். சீட்டெல்லாம் ஓட்டையிலே அடைத்துக்கொண்டு நின்றது, உள்ளே அமுக்கிவிடலாம் என்று மூடியை எடுத்தேன், காற்று ஒன்றைத் தூக்கி என் மடியில் போட்டது, மடிப்பு அதுவாகவே விரிந்தது, கண்ணில் பட்டுவிட்டது. அப்படித்தான். ஐயர் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், பிள்ளைகள் கேட்டாலும் அப்படித்தான். ஆனால் எனக்குக் கண்ணாடி இல்லாமல் கோயில் பலகையில் பாட்டு நம்பரே தெரியாது. கண்ணாடி பைக்குள்ளே இருந்தது. பையைத் திறந்து, கூட்டை எடுத்து, கூட்டைத் திறந்து, சேலை முந்தியில் துடைத்து மூக்கில் மாட்டியது காற்றா? அஞ்சு வருஷமாக ஒவ்வொரு முகாமிலும் அந்த டப்பாவைப் பார்க்கும்போது விரல் அரிக்கும், உள்ளே ஒரு எட்வின் கிடப்பானோ என்று. கிடந்தால் இந்தத் தடவை விட்டுவிடக்கூடாது என்று. எட்வின் என் மகன். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டலில் இருந்து ஒரே நாளில் மூன்று தடவை போன் போட்டான். காலையில், 'அம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?' சொன்னேன். பதினொரு மணிக்கு, 'அம்மா, என்ன கொழம்பு வச்சே?' காலையிலதானலே சொன்னேன், வி.பி.எஸ். லீவுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடி வெட்டிக்கிட்டிருக்கேன், வையி என்றேன். மத்தியானம் மறுபடியும், 'கொழம்பு கொதிச்சிருச்சாம்மா?' எனக்குச் சிரிப்பு வந்தது. 'போலே, சோத்துமூட்டை' என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் வார்டன் கூப்பிட்டார். பிழைத்துக்கொண்டான், தோத்திரம், பிழைத்துக்கொண்டான், இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை தவறாமல் போன் போடுகிறான், வாய் தவறிக் குழம்பு என்று சொல்லிவிட்டால் எனக்குக் கை வேலை நின்றுவிடும். சபையாருக்கு என்ன சொன்னோம்? மஞ்சக்காமாலை என்று சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை ஐயர் பீடத்திலிருந்து மஞ்சக்காமாலைக்கு ஜெபம் பண்ணினார், சபை முழுக்க ஆமென் சொன்னது, கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

மூன்று பதினாறு. எண்ணிப் பார்ப்போம். மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்பது, பனைகளுக்குக் கீழே ஆறு, பதினைந்து, வேலி ஓரம் நாலு, பத்தொன்பது, கொல்லாமரத்து நிழலுக்குள்ளே வெள்ளைத் துப்பட்டா ஒன்று, இருபது. மற்ற இரண்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, மணல்தான், மணலுக்கு அப்புறம் பழைய கிணறு, அதற்குச் சுவர் கட்டவேண்டும் என்று போன வருஷமே சொன்னார்கள். கிணற்றை நினைக்காதே. நினைக்காதே என்றால் இங்கே இருக்கிறது எல்லாம் திரும்பி என்னைப் பார்க்கிறது, ஊஞ்சல் கயிறு பார்க்கிறது, அடுப்படி அரிவாள்மணை பார்க்கிறது, காலையில் இதே கயிற்றில் துண்டு காயப்போட்டேன். பைக்குள்ளே ஏதோ உறுமுகிறது. ஐயோ. போன். முகாமுக்கு வந்ததும் எல்லார் போனையும் வாங்கித் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவோம், அதில் ஒன்று வண்டு மாதிரி முனகுகிறது, ஏதோ ஒரு தாய் கூப்பிடுகிறாள். நிற்கிறது. மறுபடியும் முனகுகிறது. அந்தப் பிள்ளையின் தாயாக இருந்தால்? எடுத்தால் என்ன சொல்வேன், உங்க பிள்ளை நல்லாத்தான் இருக்கு, ஜெபத்துல இருக்கு. எட்வினுடைய வார்டனும் எனக்கு அப்படித்தான் சொன்னார், மத்தியானம் நல்லாத்தான்மா இருந்தான் என்று. முனகல் நின்றுவிட்டது. நின்றது அதைவிடப் பயமாக இருக்கிறது. பின்னாலிருந்து, 'புஷ்பம்மா' என்கிற சத்தம், எழுந்தே விட்டேன், சமையல்காரர் பொன்னுத்துரை அண்ணாச்சி, கையில் கரண்டி. 'சுண்டலுக்கு இப்பமே தாளிச்சிரட்டுமா, மணி அடிச்ச பொறவா?' நான் வாயில் விரலை வைத்தேன். 'எனக்குமா சட்டம்? நான் என்ன வாலிபனா' என்கிறார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'என்னம்மா வேர்த்துக் கொட்டுது, விரலை விட்டு எண்ணிக்கிட்டே இருக்கீக. கோழிக்குஞ்சா, பருந்தா தூக்கிட்டுப் போயிரும்?' தாளிங்க அண்ணாச்சி என்று கையைக் காட்டினேன். அவர் போய்விட்டார். சொல்லியிருக்கலாம். அந்தக் கிணத்துப் பக்கம் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் டப்பாவைத் திறந்தது தெரிந்துவிடும்.

யாராக இருக்கும். ரெக்ஸனா, இரண்டு தடவை வேலைப் பரீட்சை எழுதியும் கிடைக்கவில்லை, அவன் அப்பா ஊர்ச்சந்தியில் வைத்து, தண்டச்சோறு என்று பேசினாராம், ஆனால் மத்தியானம் மூன்று முட்டை தின்றான், முட்டை தின்கிற பிள்ளை சாகுமா, எட்வின் அன்றைக்கு என்ன தின்றான், கேட்டதே இல்லை. ஷைனியா, அம்மா தவறின பிறகு சிரிப்பே இல்லை, ஆனால் சிரிக்காத பிள்ளை அழுதுவிடும், அழுதால் சொல்லிவிடும். பாடிட்டேன் என்று எழுதியிருக்கிறதே, நன்றாகப் பாடுகிற பிள்ளையா, காலையில் யார் கண்ணை மூடிப் பாடினார்கள், எல்லாரும்தான் மூடினார்கள், நான் மூடச் சொன்னேன். நானும் மூடிக்கொண்டேன். திறந்துவைத்திருந்தால் ஒரு முகமாவது தெரிந்திருக்கும். சரி, கெசியாவையாவது கூப்பிட்டு யோசனை கேட்கலாம், அதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், வெள்ளைத் துப்பட்டா அவள்தான், வாலிபர் சங்கச் செயலாளர், பி.எட். படிக்கிறாள், முகாமில் பாதி வேலை அவள் தலையில்தான், பஸ்ஸில் தலை எண்ணுகிறது அவள், பாய் விரிக்கிறது அவள், இன்றைக்குச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, கடைசியில் பென்சில்களை எண்ணி வாங்கி, 'இருபத்திரண்டு சரியா இருக்கு அத்தை' என்று என் கையில் தந்ததும் அவள்தான். இந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பயமே வராது. அவள் இருந்தால் எனக்கு இன்னொரு கை இருக்கிற மாதிரி. கூப்பிடலாம். ஆனால் அவளிடம் சொன்னாலும் அதேதானே, அத்தை படிச்சிட்டாங்க என்று அவள் கண்ணிலே தெரிந்துவிடுமே.

மூன்று இருபத்தாறு. ஆண்டவரே, ஒரு வழி காட்டும். இப்போதே மணியை அடித்தால் எல்லாரும் வருவார்கள், வராதது யாரோ அதுதான். ஆனால் வராமல் இருந்தால்? மணி சத்தம் கேட்டு, ஐயோ நேரமாகிவிட்டது என்று அந்தப் பிள்ளை அவசரப்பட்டால்? நாலு மணி வரைக்கும் பொறுக்கலாம் என்று ஒரு மனம் வைத்திருந்து, என் மணி அதை முந்தவைத்தால்? அடிக்காமல் இருந்தால் நாலு மணிக்குள்ளே ஆகிவிட்டால்? ஒருவேளை சும்மா எழுதியிருக்கும், வயசுப் பிள்ளைகள், கோபத்தில் ஆயிரம் எழுதும், நெருப்பில் போட்டால் மனம் லேசாகிவிடும், அதற்குத்தானே டப்பா. ஆமாம், அப்படித்தான் இருக்கும். நான் ஒன்றும் செய்யவேண்டாம். இன்னும் முப்பத்து நாலு நிமிஷம் கண்ணை மூடி ஜெபித்தால் போதும். கண்ணை மூடினேன். 'போலே, சோத்துமூட்டை.' கண்ணைத் திறந்தேன். மறுபடியும் எண்ணினேன், ஒன்பது, ஆறு, வேலி ஓரம் மூன்று. மூன்றா? நாலு அல்லவா இருந்தது. கொல்லாமரத்து நிழலில் துப்பட்டாவைக் காணவில்லை, அதுவும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், வெயில் திரும்பிவிட்டதே, வேலி ஓரத்தில் மூன்று, நாலாவது யார், சிவப்புச் சட்டை, ரெக்ஸன், ரெக்ஸனைக் காணோம். எழுந்திரு புஷ்பம். கால் வரமாட்டேன் என்கிறது. ஏன் வரமாட்டேன் என்கிறது, வயசா, முழங்கால் வலியா? இல்லை. உள்ளதைச் சொல். என் பயத்தில் பாதிதான் அந்தப் பிள்ளைக்கு. மற்றப் பாதி என் பேருக்கு. புஷ்பம் அத்தையிடம் எதையும் சொல்லலாம், கல்லறை மாதிரி வைத்துக்கொள்வாள் என்று மூன்று சபையில் பேர். அந்தப் பேருக்காகத்தான் பத்தொன்பது நிமிஷமாக இந்தப் பெஞ்சில் பிள்ளையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கும் கொடி வெட்டுகிற வேலை பெரிதாக இருந்தது. இன்றைக்கு டப்பா பெரிதாக இருக்கிறது.

வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்தேன், வழக்கமாக மூன்று அடி, இன்றைக்கு எத்தனை என்று தெரியாது, அண்ணாச்சி கரண்டியோடு ஓடிவந்து, 'என்னம்மா, தீயா?' என்று கேட்கிறவரைக்கும் அடித்தேன். வந்தார்கள். மேட்டுக்கு மேலே தலை தலையாக முளைத்தார்கள், மணலைத் தட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, 'அத்தை, அதுக்குள்ள நாலா? இப்பத்தான் ஆண்டவர் வணக்கம்னு ஆரம்பிச்சார்' என்கிறான் ஒருத்தன், 'அவர் உனக்கு வணக்கம் வேற சொல்லுவாராக்கும்' என்கிறாள் ஒருத்தி. நான் எண்ணுகிறேன், பதினாறு, பதினேழு, ஷைனி பதினெட்டு, ரெக்ஸன் வேலிக்குப் பின்னாலிருந்து வருகிறான், கை நிறைய கொல்லாம்பழம், வாயைச் சுற்றிக் கறை, 'பசிச்சுது அத்தை' என்கிறான், அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டேன், பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. மேட்டைப் பார்க்கிறேன். மேடு வெறுமையாக இருக்கிறது. மணல் புகைகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மேட்டுக்குப் பின்னாலிருந்து கெசியா வந்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, யாரோ எழுப்பிவிட்ட மாதிரி. இருபத்திரண்டு. அவளும் வந்து நின்றவுடன் எல்லாரையும் ஒருமுறை பார்த்து உதட்டை அசைத்தாள், பழக்கம், எண்ணுகிறாள். 'சரியா இருக்கு அத்தை' என்றாள். எல்லாரும் வந்துவிட்டார்கள், தோத்திரம், ஆனால் என் பயம் போகவில்லை, வெளியே தேரியில் இருந்தது இப்போது வராந்தாவுக்குள்ளே வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறது, இருபத்திரண்டு முகத்தில் ஒன்றாக. டப்பாவை நடுவில் வைத்தேன். காற்று என்று நாக்கு நுனிவரை வந்தது. 'இந்த டப்பாவை நான் தொறந்தேன்' என்றேன். 'காத்தடிக்கலை. தானா விழலை. கண்ணாடியைப் போட்டு ஒண்ணை எடுத்துப் படிச்சேன்.' முதலில் ரெக்ஸன்தான், 'எல்லாத்தையுமா அத்தை?' 'ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.' ஷைனி எழுந்து நின்றாள். 'ஒண்ணோ ஒம்போதோ, படிச்சாச்சுல்லா. அப்பம் எதுக்கு இடது கையால எழுதச் சொன்னீக, எங்களை வச்சு விளையாடவா?' அவள் கேட்டது நியாயம். வாங்கிக்கொண்டேன். 'இனிமே டப்பா கிடையாது. உங்க சீட்டெல்லாத்தையும் இப்பமே அடுப்புல போட்டுருவேன், நீங்க நின்னு பாருங்க. ஆனா நான் படிச்சதை மட்டும் போடமாட்டேன். அதை எழுதினது யார்னு எனக்குத் தெரியாது, இந்த இடத்துல வச்சுக் கேக்கவும் மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒண்ணு சொல்லுதேன். எங்க எட்வினுக்கு மஞ்சக்காமாலைன்னு அஞ்சு வருஷம் முந்தி நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணினீக. அது மஞ்சக்காமாலை இல்லை. அவன் சாகப் பாத்தான். அன்னைக்கு மூணு தடவை என்னை போன்ல கூப்பிட்டு, என்ன கொழம்புன்னு கேட்டான். நான் வேலை இருக்குன்னு வச்சிட்டேன். இன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடுப்படியிலதான் இருப்பேன்.' இன்னும் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அடுப்பில் சீட்டெல்லாம் ஒரு நொடியில் சுருண்டது. பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்கள், ஷைனி வாங்கவில்லை, ரெக்ஸன் இரண்டு தடவை வாங்கினான், ஒவ்வொரு கையும் நீளும்போது இதுவா, இதுவா என்று என் உயிர் துடிக்கிறது, ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. வரிசை முடிந்தது. என்னை வெறுத்துவிட்டார்கள், அந்தப் பிள்ளையும் வெறுத்திருக்கும், இனி யாரிடமும் வாய் திறக்காது, நானே அடைத்துவிட்டேன். வாசலைப் பார்க்கப் பயமாக இருந்தது. சின்ன வெங்காயத்தைக் கூடையோடு இழுத்துவைத்துக்கொண்டு உரித்தேன், கண்ணில் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரோ பக்கத்தில் வந்து குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்கள். ஒரு கை கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தது. கெசியா. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே வந்துவிடுவாள், நல்ல பிள்ளை, நிமிரக்கூட இல்லை நான். நாலு வெங்காயம் உரித்திருப்பாள். அப்புறம், ரொம்ப சாதாரணமாக, 'ராத்திரிக்கு என்ன கொழம்பு அத்தை?' என்றாள். கையில் இருந்த வெங்காயம் நழுவிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். எல்லாரையும் எண்ணுகிற இந்தப் பிள்ளையை நான் ஒரு தடவையாவது எண்ணினேனா. அவள் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், தோல் எல்லாம் போன பிறகும் உரித்துக்கொண்டே இருக்கிறாள். 'முருங்கைக்காய் போட்டுப் புளிக்கொழம்பு' என்றேன், 'தேங்காயை வறுத்து அரைச்சு விடணும், கடைசியில ஒரு துண்டு கருப்பட்டி' என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்திருந்தது, உள்ளே நாடி ஓடிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. 'எழுதினது நீயாட்டி?' ஆமாம் என்று தலையை ஆட்டினாள். 'மேட்டுக்கு அந்தப் பக்கம் எதுக்குப் போனே?' உரித்த வெங்காயத்தைக் கூடைக்குள்ளே திரும்பப் போட்டாள். 'மணி அடிச்சிட்டீக' என்றாள், குறை சொல்கிற மாதிரி. அண்ணாச்சி உள்ளே வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். எனக்கு என்ன தெரியும், பத்தாவது பெயில், என்ன சொன்னால் இது ஆறும் என்று தெரியாது, வசனம் ஒன்றும் நாக்கில் வரவில்லை. 'இன்னைக்கு என் பாயிலதான் படுக்கே. நாளைக்கு உன்கூட உங்க வீட்டுக்கு வாரேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம், எட்வினைப் பாத்த அதே அம்மா, நல்லவுக' என்றேன். அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள், அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் என் பயம் எனக்கே சின்னதாகத் தெரிந்தது. 'எங்க அம்மாகிட்ட என்ன சொல்லுவீக அத்தை?' இன்னும் அவள் மணிக்கட்டை விடவில்லை. மறு கையால் அடுப்பு விறகைத் தள்ளிவிட்டேன், உலை கொதிக்கத் தொடங்கியிருந்தது. 'இருக்கிறதைச் சொல்லுவேன்' என்றேன். 'மஞ்சக்காமாலைன்னு சொல்லமாட்டேன்.'